பெட்ரோலா டீசலா என்று கேட்டாயே

அன்பு குமரனுக்கு,

பம்மலிலிருந்து அப்பா. நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். அவள் என்னைவிடக் கொஞ்சம் அதிகமாகவே சுகமாக இருக்கிறாள்; அது ஏன் என்று சொல்லத்தான் இத்தனை பக்கம். போன ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூரிலிருந்து எஸ்.டி.டி. போட்டாயே, அப்போது நீ கேட்டது ஒரே ஒரு கேள்வி. "கல்யாணத்துக்கு முன்னாடியே வண்டி எடுத்துடலாம்னு இருக்கேம்ப்பா. அந்தப் பெரிய ஏசி ஜீப்தான். பெட்ரோல்ல எடுக்கவா, டீசல்ல எடுக்கவா?" முப்பது வருஷமாக என்ஜினோடு மல்லுக்கட்டியவன், மூன்று நிமிஷத்தில் பதில் சொல்லியிருப்பேன். வாய் சும்மா இருக்காமல், "நிர்மலாவும் ஓட்டுவா இல்ல?" என்று கேட்டுவைத்தேன். நீ சிரித்தாய். "அவளுக்கு எதுக்குப்பா அவ்ளோ பெரிய வண்டி? நான் ஓட்டுவேன், இல்லன்னா டிரைவர் வச்சுக்கலாம்" என்றாய். பொள்ளாச்சி தேங்காய் மண்டிக்காரர் மகள், அப்பாவின் ஜீப்பைப் பதினெட்டு வயதிலேயே தோப்புக்குள் ஓட்டியவள் என்று நிச்சயதார்த்தத்தின்போது ஊரெல்லாம் பெருமை அடித்தவன் நீதான். போனை வைத்த பிறகும் அந்தப் பதில் என் காதிலேயே கேட்டுக்கொண்டிருந்தது. அது உன் குரல் இல்லைடா. என் குரல்.

முதலில் நீ கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கிழவன் கதை அளக்கிறான் என்பாய். பெட்ரோல் என்ஜின் மாதிரி நாகரிகமான பொருளை மனிதன் செய்ததே இல்லை. சாவியைத் திருப்பினால் எழுந்துகொள்ளும், ஆடாது, அலட்டாது, காலை வைத்தால் ஓடும், எடுத்தால் அடங்கும். டீசல் வேறு ஜாதி. காலையில் எழுப்பினால் கொஞ்சம் முறைக்கும், சத்தம் போடும். ஆனால் இழுவை என்று வந்துவிட்டால் அதற்கு நிகர் அதுதான். ஒரு மழைக்காலத்தில் அடையாற்றுத் தண்ணீர் அனகாபுத்தூர் சந்துகளுக்குள் புகுந்தபோது, பெட்ரோல் வண்டியெல்லாம் பிளக் நனைந்து வரிசையாக நின்றுவிட்டது. டீசல் வேன் ஒன்று மட்டும் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஆட்களை ஏற்றிப் போனதை நான் கண்ணால் பார்த்தேன், கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. இப்போது வருகிற டர்போ டீசலில் அந்தப் பழைய ஆட்டமும் புகையும் பாதிகூட இல்லை. தினமும் நீண்ட தூரம், மலை, மூட்டைமுடிச்சு என்றால் டீசல். ஊருக்குள் ஆபீஸ், கடைத்தெரு, வாரம் ஒருமுறை கோயில் என்றால் பெட்ரோல். அந்த ஓட்டத்துக்கு டீசல் வாங்குகிறவன் என்ஜின் சூடாவதற்குள் வீடு வந்து சேர்ந்துவிடுவான். வண்டி எதற்கு என்று முதலில் பார், பிறகு எண்ணெயைப் பார். இந்த ஒரு வரியை நான் மறந்தபோது என்ன ஆயிற்று என்பதுதான் மிச்சக் கதை.

எண்பதுகளின் தொடக்கத்தில் பம்மலில் என் கொட்டகைக்கு எவ்வளவு மவுசு என்று உனக்குச் சரியாகத் தெரியாது, நீ பள்ளிக்கூடத்துப் பையன். பெட்ரோல் விலை ஏற ஏற, கார் வைத்திருந்தவனெல்லாம் பெட்ரோல் என்ஜினைக் கழற்றிவிட்டு, கழித்துப்போட்ட வேனிலிருந்து எடுத்த டீசல் என்ஜினை மாட்டிக்கொள்ள ஓடிவந்தான். தாம்பரம், குரோம்பேட்டை, அந்தப் பக்கம் குன்றத்தூர் வரைக்கும் அந்த வேலைக்கு என் பெயரைத்தான் சொல்வார்கள். எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. என்ஜினைச் செயின் போட்டுத் தூக்கிவிட்டால் கார் வெறும் கூடு. அதை ஓரமாகத் தள்ளிவைக்க நாலு பேர் வேண்டும், உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடிக்க ஒருவர் வேண்டும். ஆட்கள் எல்லோரும் தள்ளப் போய்விடுவதால் பிடிக்க ஆள் இருக்காது. மத்தியானம் சாப்பாடு கொண்டுவருகிற உன் அம்மாவை ஒருநாள், "வசந்தா, கொஞ்சம் ஏறி உட்கார்ந்து பிடியேன்" என்று சொன்னேன். அப்படி ஆரம்பித்தது.

என்ஜின் இல்லாத வண்டியைத் திருப்புவது லேசான காரியம் என்று நினைக்காதே. கை வலிக்கும், வண்டி தன் இஷ்டத்துக்குப் போகும், சரியான நேரத்தில் பிரேக்கில் கால் வைக்காவிட்டால் சுவரில் மோதும். அவள் ஒரு மாசத்தில் அதைப் பழகிவிட்டாள். இரண்டு காருக்கு நடுவே ஒரு சாண் இடம் விட்டு நிறுத்துவாள். என்னிடம் வேலை பார்த்த ஆறுமுகம் வாயைப் பிளப்பான். "அண்ணி ஒக்காந்தாதான் வண்டி சொல்ற பேச்சு கேக்குது. நீ ஒக்காந்தா மொறச்சிக்கினு போவுது அண்ணே" என்பான். பிறகு நானே அவளை ஆற்றங்கரைத் திடலுக்கு அழைத்துப்போய் உயிருள்ள வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தேன். சொல்லிக்கொடுத்தேன் என்பது பேச்சுக்குத்தான். கிளட்ச் எது, கியர் எது என்று காட்டினேன், மூன்றாவது நாள் அவள் என்னை வைத்து ஓட்டிக்கொண்டு வந்தாள். முதல் தடவையிலேயே லைசென்ஸும் வாங்கினாள். எனக்கு இரண்டு தடவை ஆனது என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, நீயும் சொல்லாதே.

அந்தச் சமயத்தில்தான் என்னிடம் அந்த டாப் இல்லாத சீமைக் கார் வந்தது. மூக்கு நீண்ட வண்டி. நானே தட்டி, சாயம் அடித்து, மாப்பிள்ளை அழைப்புக்கு விட ஆரம்பித்தேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அந்த ஊர்வலம் எப்படி இருக்கும் என்று தெரியாமல் போய்விடும் போலிருக்கிறது. முன்னால் நாதஸ்வரம், தலையில் கேஸ் லைட்டு தூக்குகிற பெண்கள், நடுவில் பூ ஜோடித்த திறந்த கார், அதில் கோட்டு சூட்டு போட்ட மாப்பிள்ளை, அவரைச் சுற்றி ஏறிக்கொண்ட வாண்டுகள், பின்னால் சீர்த்தட்டோடு சொந்தக்காரப் பெண்கள். வண்டி நடையைவிட மெதுவாகப் போகவேண்டும், வித்வான் நின்றால் நிற்கவேண்டும். பெட்ரோல் என்ஜின் அந்த வேலையை அப்படி அழகாகச் செய்தது, ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று நானே குனிந்து பார்ப்பேன். அதைக் கழற்றி மூலையில் போட்டேன் நான்! ஊரே டீசல் போடும்போது டீசல் போடுகிறவன் வண்டியில் பெட்ரோலா என்று யாரோ கேட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். உன் அம்மா அன்றைக்கே சொன்னாள். "இது கல்யாண வண்டிங்க. மெதுவாப் போறதுதான் இதுக்கு வேலையே. இதுக்குப் போய் எதுக்கு வேன் என்ஜின்?" நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஸ்டியரிங் பிடிக்கத் தெரிஞ்சா என்ஜின் தெரிஞ்சிடுமா? போய் வேலையப் பாரு" என்றேன். ஆறுமுகம் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான்.

டீசல் மாட்டிய பிறகு முதல் ஊர்வலம், அனகாபுத்தூரில் தறி வைத்திருந்த என் சிநேகிதன் ஏகாம்பரத்தின் தம்பிக்கு. நாமும் குடும்பத்தோடு போயிருந்தோம். நீ காரிலேயே மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். பிள்ளையார் கோயிலிலிருந்து வண்டியைக் கிளப்பினேன் பார், எனக்கே திக்கென்றது. ரோட்டில் ஓடும்போது தெரியாத ஆட்டம் நடை வேகத்தில் பூராவும் தெரிந்தது. மாப்பிள்ளையின் மாலை ஆடுகிறது, தலை ஆடுகிறது, மீசை ஆடுகிறது. பெண்ணின் தாய்மாமன் வண்டியோடு நடந்து வந்தவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கத்தினார். "இன்னாய்யா வண்டி இது? மாப்ளைக்கு ஜன்னி வந்தாப்ல ஒதறுதே!" வித்வான் திரும்பிப் பார்த்தார். "அண்ணே, தவில் சத்தமே எனக்குக் கேக்கல" என்றார். பின்னாலே சீர்த்தட்டோடு வந்த பெண்களின் பட்டுப்புடவையெல்லாம் புகை. உன் அம்மாவும் அந்தப் புகைக்குள்தான் நடந்து வந்துகொண்டிருந்தாள்.

இத்தனையும் போதாது என்று வண்டி சூடேறியது. பழைய ரேடியேட்டரை மாற்றாமல் பெரிய என்ஜினை மாட்டியிருந்தேன், காற்றும் இல்லாமல் ஊர்ந்து போனால் சூடேறாமல் என்ன செய்யும்? வண்டியை நிறுத்தினேன். எல்லோரும் சுற்றி நின்று சத்தம் போட, பதற்றத்தில் தோளில் கிடந்த துண்டை வைத்து ரேடியேட்டர் மூடியைத் திருகிவிட்டேன். சூடாக இருக்கும்போது அதைத் தொடாதே என்று கொட்டகையில் எல்லோரையும் அதட்டுகிறவன் நான். கொதிநீர் சீறி வலது கை பூராவும் வெந்துபோயிற்று. யாரோ இட்லி மாவைக் கொண்டுவந்து அப்பினார்கள். ஊர்வலம் பாதித் தெருவில் நிற்கிறது. மாப்பிள்ளை இறங்கி நடந்து வருவதா, இது என்ன சகுனம் என்று பெண்வீட்டார் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஏகாம்பரம் என் முகத்தைப் பார்த்த பார்வை இன்றைக்கும் எனக்கு நினைவிருக்கிறது. நம்பி வண்டி கேட்டவன், கண் கலங்கி நிற்கிறான்.

உன் அம்மா கையிலிருந்த சீர்த்தட்டைப் பக்கத்திலிருந்தவளிடம் கொடுத்தாள். பட்டுப்புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். கதவைத் திறந்து டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். "என்ஜின் வேணாம். மாப்பிள்ளையோட சிநேகிதருங்க எல்லாரும் பின்னாடி வாங்க. நான் சொல்றப்ப தள்ளுங்க, போதும்னா விட்டுடுங்க" என்றாள். நாலைந்து வருஷம் கொட்டகையில் செத்த வண்டிகளைத் திருப்பிய கை அது. இருபது ஆம்பிளைகள் தள்ள, அந்த நீண்ட மூக்கு வண்டி சத்தமே இல்லாமல் நகர ஆரம்பித்தது. தறிக்காரத் தெரு திருப்பம் உனக்குத் தெரியும், ஒரு பக்கம் சாக்கடை, ஒரு பக்கம் வாசற்படி. அங்கே நானே மூன்று தடவை பின்னால் எடுத்துத்தான் திருப்புவேன். அவள் ஒரே வீச்சில் திருப்பினாள். வித்வான் அந்தத் திருப்பத்திலேயே நின்று, போகிற போக்கில் வாசிக்க வைத்திருந்த பாட்டை விட்டுவிட்டுப் பெரிய கீர்த்தனை ஒன்றை எடுத்தார். வண்டியின் இரைச்சல் இல்லாததால் தெருவே கேட்டது. பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு அவளும் தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். முன்னே சத்தம் போட்ட அதே தாய்மாமன், இப்படி ஒரு மாப்பிள்ளை அழைப்பை நாங்கள் பார்த்ததே இல்லை என்று கும்பிட்டுவிட்டுப் போனார். என் வாழ்க்கையில் நான் பார்த்த மிக அழகான டிரைவிங் அதுதான். இதை நான் அவளிடம் அன்றைக்குச் சொல்லியிருக்கவேண்டும்.

சொல்லவில்லை. பந்தியில் உட்கார்ந்திருந்தேன், இடது கையில் ஸ்பூனைப் பிடித்துக்கொண்டு. எதிர்ப்பந்தியிலிருந்து சிநேகிதர்கள் ஆரம்பித்தார்கள். "இன்னா மச்சான், அண்ணி ஓட்றாங்க, ஊரே தள்ளுது, நீ கைல மாவு தடவிக்கினு நிக்கிற? வூட்லயும் ஸ்டியரிங் அவங்க கைலதான் கீதா?" பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். மறுநாள் காலையில், கட்டுப் போட்ட கையோடு, அவளிடம் சொன்னேன். "இனிமே நீ கொட்டகைக்கு வர வேணாம். சாப்பாட்டுக்கு நானே வந்துக்கறேன். வண்டியும் தொடாத. நாலு பேரு நாலு விதமாப் பேசறான்." அவிழ்ந்திருந்த கட்டின் முனையை அவள் உள்ளே செருகிவிட்டாள். "கை ஆறட்டும், அப்புறம் பேசலாம்" என்றாள். கை ஒரு மாசத்தில் ஆறிவிட்டது. நான் பேசவில்லை. டீசலைக் கழற்றிப் பழைய பெட்ரோல் என்ஜினையே அந்தக் காரில் திரும்ப மாட்டினேன். அந்தத் தப்பை ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு வாரம் போதுமாக இருந்தது. இன்னொரு தப்புக்குப் பதினாலு வருஷம் ஆகியிருக்கிறது.

அந்தப் பதினாலு வருஷத்தில் ஒருநாளைப் பற்றி மட்டும் சொல்கிறேன், அதற்கே எனக்குத் தைரியம் பத்தவில்லை. செங்கல்பட்டிலிருந்து அவள் அம்மாவுக்கு மூச்சு முட்டுகிறது என்று பக்கத்து வீட்டுக்குப் போன் வந்தது. நான் திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் இருந்தேன். நம் கார் வாசலில் நிற்கிறது, சாவி ஆணியில் தொங்குகிறது. அவள் வீட்டைப் பூட்டிவிட்டு நடந்துபோய் பஸ் பிடித்து, தாம்பரத்தில் மாறி, போய்ச் சேர்ந்தபோது அந்த அம்மாவுக்குப் பேச்சு நின்றுவிட்டிருந்தது. மூன்றாம் நாள் போய்விட்டார்கள். காரியமெல்லாம் முடிந்த பிறகு நான் கேட்டேன், "அவசரத்துக்கு வண்டிய எடுத்திருக்கலாமே?" என்று. கேட்க எனக்கு வாய் எப்படி வந்ததோ! "நீங்க தொடாதன்னீங்களே" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதற்குப் பிறகாவது சாவியை எடுத்து அவள் கையில் கொடுத்திருக்கலாம். வெட்கம், குமரா. தப்பு செய்தவனுக்கு அதைத் திருத்தப் போனால் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே என்று ஒரு கேடுகெட்ட வெட்கம்.

உன் போனுக்குப் பிறகு நாலு நாள் தூக்கம் சரியாக இல்லை. வியாழக்கிழமை சாயங்காலம் அவள் அவரைக்காய் அரிந்துகொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். "நாளைக்கு ஷோரூமுக்குப் போறோம். குமரன் சொன்ன ஜீப்புல பெட்ரோல் ஒண்ணு, டீசல் ஒண்ணு, ரெண்டும் வச்சிருக்கானாம். ரெண்டையும் நீதான் ஓட்டிப் பார்த்துச் சொல்லணும்." அவள் அடுத்த காயை எடுத்து அரிந்தாள். நானே சமாதானம் போல, "லைசென்ஸ் எப்பவோ முடிஞ்சிருக்கும், பரவாயில்ல, ஏதாவது திடல்ல வச்சுக்கூட" என்று இழுத்தேன். அரிவாள்மணையை மடக்கி வைத்துவிட்டு எழுந்து போனாள். பீரோவைத் திறந்து, எடுத்துவந்து என் கையில் கொடுத்தாள். புதுப்பித்த லைசென்ஸ். போட்டோவில் காதோரம் நரை. எனக்குத் தெரியாமல், கெடு முடியும்போதெல்லாம், தனியாகப் பஸ் ஏறிப்போய் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வரிசையில் நின்று புதுப்பித்திருக்கிறாள். "எதுக்கு வசந்தா?" என்று கேட்டேன். "ஓட்டறதுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் அவரைக்காயை எடுத்துக்கொண்டாள். நான் கொல்லைப்பக்கம் போய்விட்டேன். என் முகத்தை அவள் பார்க்கவேண்டாம் என்று நினைத்தேன்.

ஆகவே உனக்கு நான் சொல்வது இதுதான். நீ சொல்கிற ஓட்டத்துக்கு, பொள்ளாச்சிக்கும் கோயம்புத்தூருக்கும் அலைகிற அலைச்சலுக்கு, டீசல் என்றுதான் என் புத்தி சொல்கிறது. ஆனால் என் புத்தியை நம்பாதே. நிர்மலாவை ஷோரூமுக்கு அழைத்துப் போ. டிரைவர் சீட்டில் அவளை உட்கார வை, நீ வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார். அவள் பெட்ரோல் என்றால் பெட்ரோல். அவளைப் பார்த்து உன் சிநேகிதர்கள் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும், உனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. எனக்கும் ஒன்றும் குறைந்திருக்காது என்பது இப்போதுதான் தெரிகிறது.

நேற்று போனோம். ஷோரூமில் டை கட்டிய தம்பி பின்கதவைத் திறந்து, "மேடம், நீங்க பின்னாடி வசதியா உக்காருங்க" என்றான். "அவங்கதாம்ப்பா ஓட்டறாங்க" என்று நான் சொன்னேன்; அவன் சாவியை என்னிடம் நீட்டி, பிறகு அவளிடம் நீட்டினான். முதலில் பெட்ரோல். இரண்டு தடவை ஆஃப் ஆனது, மூன்றாவது தடவை எடுத்தாள். குரோம்பேட்டையிலிருந்து சானடோரியம் வரை போய்த் திரும்பினோம். "நல்லா இருக்கு, சத்தமே இல்ல" என்றாள். அடுத்தது டீசல். டீசல் என்ஜின் கிளம்பத் தயாராகும்வரை எரிகிற ஹீட்டர் விளக்கு அணைகிறவரை யாரும் சொல்லாமலே காத்திருந்து கிளப்பினாள். கியர் மாற்றும்போது வண்டி ஒரு குலுக்குக்கூடக் குலுங்கவில்லை. இல்லாத பிரேக்கை நான் என் பக்கத்தில் மிதித்துக்கொண்டே இருந்தேன் போலிருக்கிறது. "காலத் தளர்த்தி வைங்க, வண்டி என்கிட்டதான் இருக்கு" என்றாள். தாம்பரம் ஸ்டேஷன் தாண்டியதும் அந்தத் தம்பி பின்சீட்டிலிருந்து முன்னால் சாய்ந்து, "மேடம், இங்கயே யூ டர்ன் போட்டுக்கலாம்" என்றான். அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெருங்களத்தூர் போயிற்று, வண்டலூரும் போயிற்று. செங்கல்பட்டு ரோடு நேராகக் கிடந்தது. அவனுக்குப் பயமே வந்துவிட்டது, என் தோளைத் தொட்டான்.

"வசந்தா, திரும்பணுமாம்" என்றேன்.

"கேட்டுச்சு" என்று சொல்லிவிட்டு, உன் அம்மா அடுத்த கியரைப் போட்டாள்.

இடதுபக்க சீட்டிலிருந்து,
அப்பா